சனிக்கிழமைச் சம்பளமும் 108 நாள் பாக்கியும்: திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது திருப்பூரில் உள்ள ஒரு சிறிய தையல் யூனிட்டில் 2023 ஜூன் முதல் 2025 மார்ச் வரை நடந்ததன் பதிவு. யூனிட்டின் பெயரும் அதற்கு வேலை கொடுத்த கம்பெனிகளின் பெயர்களும் தரப்படவில்லை. தொகைகள் தோராயமாக்கப்பட்டவை.

பாக்கி வசூல் என்றால் அது முதலாளியின் தலைவலி, வேலைக்கு வருபவருக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்த யூனிட்டின் கணக்கைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. வேலை கொடுக்கும் பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் டெய்லருக்கு உதவியாளாக இருக்கும் ஒரு கைமடிப் பெண் மெஷினில் உட்காருவதும், ஒரு டெய்லர் அடுத்த தீபாவளி வரை அங்கே இருப்பதும் முடிவானது.

பின்னணி

ஊரில் பவர்டேபிள் என்று சொல்லப்படும் வகை யூனிட் இது. கணவனும் மனைவியும் வாடகைக் கட்டடத்தில் நடத்துகிறார்கள். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், உற்பத்தி அவர் பொறுப்பு. பில், சம்பளம், வரி எல்லாம் மனைவி பார்க்கிறார். மொத்தம் 26 மெஷின்: 12 ஓவர்லாக் (ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பது), 8 ஃபிளாட்லாக் (மடிப்புத் தைப்பது), 6 சிங்கர் (சாதாரண நேர்த் தையல்). வேலை செய்தவர்கள் 41 பேர்: 24 டெய்லர், 12 கைமடி, 4 செக்கிங், ஒரு சூப்பர்வைசர். வெட்டிய துணியும் (கட்டிங்) நூலும் பார்ட்டி கொடுப்பார். தைத்து, பிசிறு எடுத்து, செக்கிங் முடித்துத் திருப்பித் தர வேண்டும், இதுதான் ஜாப் ஒர்க்.

சராசரி மாத பில் ரூ.9.2 லட்சம். வாரச் சம்பளம் ஏறத்தாழ ரூ.1.5 லட்சம், மாதத்துக்கு ரூ.6.5 லட்சம். வாடகை, கரண்ட், பிஎஃப், இஎஸ்ஐ, ஊசி, ஆயில், மெஷின் ரிப்பேர் எல்லாம் சேர்த்து இன்னொரு ரூ.1.7 லட்சம். வட்டிக்கு முன்னால் கையில் நிற்பது ரூ.1 லட்சம்.

செலவுக்கெல்லாம் தேதி உண்டு. சம்பளம் சனிக்கிழமை மாலை. பிஎஃப், இஎஸ்ஐ 15-ஆம் தேதிக்குள். ஜிஎஸ்டி 20-ஆம் தேதிக்குள். வரவுக்குத்தான் தேதி இல்லை. ஜாப் ஒர்க் பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, மாதம் ரூ.46,000. பார்ட்டியிடமிருந்து ஒரு பைசா வராவிட்டாலும் பில் போட்ட மறுமாதமே அதைக் கட்டியாக வேண்டும்.

வேலை கொடுத்தவர்கள் மூவர். ஒரு ஏற்றுமதிக் கம்பெனி (பில்லில் 45 சதவீதம்), ஒரு உள்நாட்டு பிராண்டு (35 சதவீதம்), ஒரு சிறிய உள்நாட்டுப் பார்ட்டி (20 சதவீதம்). மூவரிடமும் எழுத்தில் எதுவும் கிடையாது. 2021-22இல் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது பெரிய கம்பெனிகள் கையிலிருந்த பணத்தை நூலில் போட்டன, ஜாப் ஒர்க் பில்கள் காத்திருந்தன. பிறகு நூல் விலை இறங்கியது. பில்லுக்கான காத்திருப்பு இறங்கவில்லை.

கவனித்தது

2023 ஜூனில் மனைவி ஒரு வேலை செய்தார். முந்தைய 12 மாதத்தின் ஒவ்வொரு பில்லுக்கும் சரக்கு போன தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார். அதற்கு முன் மொத்தப் பாக்கி எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். எந்த பில் எத்தனை நாள் கிடந்தது என்று பார்த்ததே இல்லை.

ஏற்றுமதிக் கம்பெனி வாயால் சொன்னது 60 நாள், கொடுத்தது 95 நாளில். பிராண்டு சொன்னது 45, கொடுத்தது 160. சிறிய பார்ட்டி சொன்னது 30, கொடுத்தது 45. மூன்றையும் பில் அளவுக்கேற்பச் சேர்த்தால் சராசரி 108 நாள். வெளியே நின்ற பணம் ஜிஎஸ்டியுடன் ரூ.34.7 லட்சம். இதைத் தாங்கியவை வங்கி ஓடி (ஓவர்டிராஃப்ட்) ரூ.10 லட்சம், 24 சதவீத வட்டிக்கு வெளியே வாங்கிய ரூ.20 லட்சம், மீதி சொந்தப் பணம். வட்டி மட்டும் மாதம் ரூ.49,000. கையில் நின்ற ஒரு லட்சத்தில் பாதி அப்படியே போனது.

பிராண்டின் 160 நாளுக்கு ஒரு காரணம் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை, அதாவது அந்த பில்லின் ஜிஎஸ்டிக்காகத் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டும். அந்த எல்லைக்குச் சற்று முன்பாகவே பிராண்டின் பணம் எப்போதும் வந்தது. அவர்களிடமும் ஒரு தேதி இருந்தது, அது யூனிட்டிடம் சொன்ன தேதி அல்ல.

அடுத்து ரேட்டை வைத்துப் பார்த்தார்கள். ஒரே வகை ரவுண்ட்நெக் டி-சர்ட்டுக்கு பிராண்டு கொடுத்தது ரூ.14, சிறிய பார்ட்டி ரூ.13.25. ஆகவே பிராண்டு நல்ல பார்ட்டி என்ற எண்ணம் வீட்டிலும் கம்பெனியிலும் ஊறியிருந்தது. மாதம் 2 சதவீத வட்டியைக் கழித்தால் கணக்கு மாறுகிறது. 160 நாளுக்கு ரூ.14இல் ரூ.1.49 வட்டி, மிச்சம் ரூ.12.51. 45 நாளுக்கு ரூ.13.25இல் 40 பைசா, மிச்சம் ரூ.12.85. குறைந்த ரேட் என்று ஒதுக்கி வைத்திருந்தவரே பீஸுக்கு 34 பைசா அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார். பிராண்டு நான்கு மாதம் கழித்து அனுப்பும் டெபிட் நோட்டுகள் (குறை சொல்லி பில்லில் பணம் பிடிக்கும் சீட்டுகள்) இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இனி தையல் தளம். 52 சனிக்கிழமைகளில் 11 முறை சம்பளம் முழுதாகத் தரப்படவில்லை. பாதி சனிக்கிழமை, மீதி திங்கள் என்று நின்றது. திருப்பூரில் வாடகையும் மளிகையும் சீட்டும் சனிக்கிழமையை நம்பியே இருக்கின்றன. வெளி மாநிலத் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்புவதும் அன்று இரவோ ஞாயிறோதான். சம்பளம் ஒருமுறை தள்ளினால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் முறை பக்கத்துத் தெருவில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். 12 மாதத்தில் 24 டெய்லர் இடங்களில் 15 பேர் மாறியிருந்தார்கள்.

ஒரு டெய்லர் போனால் அவர் மெஷின் சராசரி மூன்று நாள் சும்மா நிற்கிறது, நாளுக்கு சுமார் ரூ.1,350 பில் இழப்பு. புதியவரின் முதல் வாரத்துக் குறைவும் ஆல்ட்ரேஷனும் (பிரித்துத் திரும்பத் தைப்பது) ஏறத்தாழ ரூ.3,000. ஆக ஒருவர் மாறினால் ரூ.7,000, ஆண்டுக்கு ரூ.1 லட்சத்துக்கு மேல். இது எந்தக் கணக்கேட்டிலும் தனியாக எழுதப்படுவதில்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

இதைவிடக் கனமான விஷயம் கைமடியில் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் 12 கைமடிகளில் ஒருவர்கூட மெஷினுக்கு ஏறவில்லை. கைமடிக்கு ஒன்றரை ஷிப்ட்டுக்கு ரூ.480, டெய்லருக்கு ரூ.700. இந்தத் தொழிலில் படிப்பில்லாமல் ஏறக்கூடிய முதல் படி அதுதான். ஏறாததற்கு அவர்களுடைய திறமையோ சூப்பர்வைசரின் மனசோ காரணமில்லை. கற்றுக்கொள்ள ஒரு மெஷினும் ஆறு வாரமும் வேண்டும். வாரச் சம்பளத்துக்கே பணம் தேடும் யூனிட்டில் எல்லா மெஷினும் எல்லா நேரமும் பில்லுக்கு ஓடியாக வேண்டும். அப்படி ஓடும் லைனில் கற்பவருக்கு இடமே இருக்காது.

முதல் முடிவு: தாமதம் எங்கே தொடங்குகிறது

நோட்டில் தெரிந்த முதல் உண்மை கசப்பானது. சரக்கு போன நாளுக்கும் பில் போட்ட நாளுக்கும் நடுவே சராசரி 9 நாள். பார்ட்டியின் ஸ்டோரில் எண்ணி முடித்து ஷார்ட்டேஜ் சொல்லட்டும், பிறகு பில் போடலாம் என்று காத்திருந்தார்கள். பார்ட்டியின் அக்கவுண்ட்ஸில் நாள் எண்ணத் தொடங்குவது பில்லைப் பதிவு செய்த தேதியிலிருந்து. ஆக யூனிட் தானாகவே 9 நாள் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது.

2023 ஜூலையிலிருந்து சரக்கு வண்டியிலேயே பில்லும் போனது. டெலிவரி சலானில் நான்கு கட்டங்கள் சேர்த்தார்கள்: வந்த கட்டிங் எண்ணிக்கை, தைத்துக் கொடுத்தது, டேமேஜ், ஷார்ட்டேஜ். சைஸ் வாரியாக எழுதி, பார்ட்டியின் ஸ்டோர் ஆள் கையெழுத்துப் போட்ட நகல் திரும்பி வந்தால்தான் டிரைவரின் வேலை முடிந்ததாகக் கணக்கு. எண்ணிக்கையில் வித்தியாசம் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கினார்கள்.

இதன் பலம் சட்டத்திலும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். நான்கு மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டுக்குக் கையெழுத்திட்ட சலான் ஒன்றே பதிலாக இருந்தது. அடுத்த ஆண்டில் இத்தகைய டெபிட் நோட்டுகள் ஏறத்தாழ நின்றன.

உத்யம் பதிவும் கடிதமும்

அதே மாதம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்தார்கள். கட்டணம் இல்லை, ஆதார், பான், ஜிஎஸ்டி எண் போதும். முதலீடும் விற்றுவரவும் குறு நிறுவன வரம்புக்குள் இருந்தன. பதிவு எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சானது. முன்பே செய்யாததற்கு, பதிவு செய்தால் ஏதோ வரி வரும் என்ற தவறான பயம்தான் காரணம்.

இதில் தேதி முக்கியம். பதிவுக்கு முன்பு கொடுத்த சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்த யூனிட்டுக்கு அது பின்னால் ரூ.1.8 லட்சம் இழப்பாக முடிந்தது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2023-24இல் பேங்க் ரேட் 6.75 சதவீதம், ஆக 20.25 சதவீதம். இது 2006 முதலே இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த லாட் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

2023-24 நிதியாண்டிலிருந்து மாறியது 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் கெடுவைத் தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு லாபத்தில் கழிக்க முடியாது. ரிட்டர்ன் தாக்கலுக்கு முன்னால் கட்டிவிட்டேன் என்ற சலுகையும் இதற்கு இல்லை. பார்ட்டியின் ஆடிட்டரே பார்ட்டியிடம் பாக்கியைக் கேட்கும் நிலை முதல்முறையாக வந்தது.

அக்டோபரில் மூன்று பார்ட்டிகளுக்கும் கடிதம் போனது. வக்கீல் நோட்டீஸ் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அது சரியான முடிவு. பழக்கத்தில் நடக்கும் தொழிலில் எழுத்து கேட்பதே நம்பிக்கைக் குறைவாகப் படும். ஆகவே அது பாக்கி உறுதிக் கடிதமாகப் போனது: பில் வாரியான பாக்கி, உத்யம் எண், 45 நாள் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கும் ஒரு வரி. முதலாளிக்கு அனுப்பும் முன்பு அக்கவுண்ட்ஸ் ஆளிடம் மனைவியே நேரில் கொண்டுபோய்க் காட்டினார். ஆண்டு முடிவில் ஆடிட்டருக்கு இந்தப் பட்டியல் எப்படியும் தேவைப்படும் என்பதால் அங்கே எதிர்ப்பு இல்லை.

சிறிய பார்ட்டி அன்றே கையெழுத்துப் போட்டார். ஏற்றுமதிக் கம்பெனி ஆறு வாரம் இழுத்துப் போட்டது. பிராண்டு போடவில்லை.

இரண்டு வழிகளைப் பரிசீலித்து விட்டுவிட்டார்கள். ஒன்று டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைத் தள்ளுபடிக்குக் கொடுப்பது, அதாவது சற்றுக் குறைந்த தொகைக்கு ஒரு வங்கியிடம் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறுவது. வாங்குபவரும் அதில் இருந்தாக வேண்டும். அன்று கட்டாயம் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ள கம்பெனிகளுக்கு மட்டும், மூவரும் அந்த அளவு இல்லை. இன்னொன்று, பணம் வரும் வரை தைத்த சரக்கை விடாமல் பிடித்து வைப்பது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் கடனுக்கு ஒப்புக்கொண்ட பிறகு அது கிடையாது. அந்தப் பிரிவின் விளக்கமே ஒரு தையல்காரரைத்தான் சொல்கிறது: மூன்று மாதக் கடனுக்குக் கோட்டுத் தைக்க ஒப்புக்கொண்டவர் அதைப் பிடித்து வைக்க முடியாது.

பிராண்டு விலகியது

2024 ஜனவரியில் பிராண்டு ஒரு யோசனை சொன்னது. உத்யம் பதிவு இல்லாத உறவினர் பெயரில் பில் போடுங்கள், வேலை தொடரும் என்று. அந்த மாதங்களில் பல ஊர்களில் சிறு யூனிட்டுகளிடம் கேட்கப்பட்ட அதே விஷயம்தான். யூனிட் மறுத்தது. மெஷினும் ஆளும் ஒரு ஜிஎஸ்டி எண்ணில், பில் இன்னொன்றில் என்றால் விசாரணை வரும்போது மாட்டுவது யூனிட்தான். பழைய பாக்கியைக் கேட்கும் பிடியும் போய்விடும்.

பிப்ரவரியில் பிராண்டு கட்டிங் அனுப்புவதை நிறுத்தியது. எட்டு மெஷின்கள் ஏழு வாரம் சும்மா நின்றன. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகக் குறைந்தது. மாத பில்லும் இறங்கியது. யூனிட்டை மூடப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி ஐந்து டெய்லர்கள் போனார்கள்.

பிராண்டின் பாக்கி அப்போது ரூ.18 லட்சம். மார்ச் கடைசி வாரத்தில் ரூ.11 லட்சம் ஒரே தவணையில் வந்தது, 43பி(எச்) தான் காரணம். ரூ.5.2 லட்சத்துக்கு மூன்று தவணையாக எழுதிக் கொடுத்தார்கள், கொடுத்தும் முடித்தார்கள். மீதி ரூ.1.8 லட்சம் பதிவுக்கு முந்தைய பில்கள்மேல் போட்ட டெபிட் நோட்டுகள். கையெழுத்திட்ட சலானும் அப்போது இல்லை, சட்டமும் துணைக்கு வராது. விட்டுவிட்டார்கள். 2006 சட்டத்தின் கீழ் இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் மன்றத்தில் மனுப் போடத் தேவை ஏற்படவில்லை.

வந்த பணத்தை எங்கே வைப்பது

24 சதவீத வட்டிக்கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கரும் சொல்வது. கணவனும் மனைவியும் அதற்கு முன்னால் ரூ.3 லட்சத்தை, அதாவது இரண்டு வாரச் சம்பளத்தை, தனி வங்கிக் கணக்கில் வைத்தார்கள். சனிக்கிழமைக்குத் தவிர அதைத் தொடுவதில்லை, தொட்டால் அடுத்து வரும் முதல் பணத்தில் நிரப்ப வேண்டும் என்பது விதி.

இதன் விலை மாதம் ரூ.6,000 வட்டி. டெய்லர் மாறுவதால் ஆன இழப்பு மாதம் ரூ.8,750. கணக்கே இந்த முடிவை நியாயப்படுத்துகிறது. கணக்கில் வராத ஒன்றும் இருந்தது: சனிக்கிழமை உறுதியானதும் அட்வான்ஸ் கேட்பது குறைந்தது. சம்பளம் வருமா என்ற சந்தேகத்தில்தான் பலர் முன்கூட்டியே அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள்.

பிறகே வெளிக் கடன் அடைந்தது, ஓராண்டில் ரூ.20 லட்சத்திலிருந்து ரூ.6 லட்சத்துக்கு.

கைமடியிலிருந்து மெஷினுக்கு

சும்மா நின்ற எட்டில் இரண்டு பழைய ஓவர்லாக்கை ஓரமாக எடுத்துப் பயிற்சிக்கு விட்டார்கள். கைமடிகளில் விருப்பமுள்ளவர்களுக்கு ஷிப்ட்டுக்குள்ளேயே தினமும் இரண்டு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல், ஆறு வாரம். வேலை முடிந்த பிறகு கற்றுக்கொள் என்று சொல்லாதது முக்கியம். குழந்தையோடு வீடு இருப்பவருக்கு இரவு எட்டரைக்கு மேல் நேரம் கிடையாது.

வரிசை இப்படி. முதல் மூன்று நாள் நூல் இல்லாமல், கோடு போட்ட தாளில் பெடல் மட்டும். அடுத்து நூல் கோர்ப்பது: நான்கு நூல் ஓவர்லாக்கில் இரண்டு ஊசி, இரண்டு லூப்பர், லூப்பர் நூல் அறுந்தால் தானே கோர்த்து ஓட்டத் தெரியும் வரை அடுத்த கட்டம் இல்லை. மெஷின் நின்றால் மெக்கானிக்குக்காகக் காத்திருப்பவருக்கு பீஸ் ரேட்டில் சம்பாத்தியம் வராது. பிறகு கழிவுத் துணியில் நேர்த் தையல், ஷோல்டர், சைடு, கடைசியாக ஸ்லீவ் ஏற்றுவது. வளைவில் துணியை இழுக்காமல் ஊட்டத் தெரிய வேண்டும், இழுத்தால் அலை அடிக்கும்.

ஓவர்லாக் கற்பது ஏன் செலவு பிடிக்கிறது என்பதற்கு மெஷினிலேயே காரணம் இருக்கிறது. சிங்கரில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். ஓவர்லாக் தைக்கும்போதே கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. துணியை அரை இஞ்சு உள்ளே தள்ளிவிட்டால் அந்த பீஸ் சைஸ் குறைந்தது குறைந்ததுதான், ஆல்ட்ரேஷனுக்கு இடமில்லை, டேமேஜ். ஒரு டேமேஜுக்குத் துணி விலையையும் சேர்த்துப் பார்ட்டி பிடிப்பார். பணம் இறுக்கமான யூனிட்டில் கற்பவரை மெஷினில் விட பயப்படுவது இதனால்தான்.

முதல் குழுவில் நான்கு பேர். மூன்றாம் வாரத்தில் ஒரு டெலிவரி அவசரம் வந்து, சூப்பர்வைசர் அவர்களை லைனில் உட்கார வைத்தார். நூற்றுக்கு 4 ஆக இருந்த ஆல்ட்ரேஷனும் டேமேஜும் அவர்கள் கையில் 14 ஆனது. எல்லோர் முன்னிலும் திட்டு விழுந்தது. இரண்டு பேர் கைமடிக்கே திரும்பிவிட்டார்கள், மீண்டும் கேட்டபோதும் வரவில்லை.

இரண்டாம் குழுவுக்கு விதி மாறியது. ஆறு வாரம் முடிந்தபின், முதல் இரண்டு வாரம் ஷோல்டர் ஜாயின்ட் மட்டும். நேராகவும் குட்டையாகவும் உள்ள தையல் அது. அதில் ஆல்ட்ரேஷன் 5க்குள் வந்த பிறகே சைடு. அந்த இரண்டு வாரமும் பீஸ் ரேட் இல்லை, ஷிப்ட் சம்பளம். வேகத்துக்குக் கூலி என்று சொன்னால் கற்பவர் கத்தியைக் கவனிக்க மாட்டார்.

2025 மார்ச்சுக்குள் ஐந்து பேர் ஓவர்லாக் டெய்லர் ஆனார்கள், அவர்களில் நால்வர் பெண்கள். ஒருவர் ஃபிளாட்லாக்கும் கற்றார். ஒருவர் கூடுதல் சம்பளத்துக்குப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அதை இழப்பாக எழுதத் தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கு அது நியாயமான அடுத்த படி. யூனிட்டில் ஏறும் வழி இருக்கிறது என்று வெளியே தெரிந்ததால், புதிய கைமடிக்கு ஆள் தேடும் நாட்கள் குறைந்தன.

2025 மார்ச் நிலை

2024 மே மாதம், 30 நாள் எழுத்து ஒப்பந்தத்தோடு ஒரு புதிய உள்நாட்டுப் பார்ட்டி கிடைத்தார், ரேட் ரூ.13. ஆண்டு முடிவில் மாத பில் ரூ.8.8 லட்சம், பழையதைவிட ரூ.40,000 குறைவு. சராசரி வசூல் 52 நாள், வெளியே நிற்பது ரூ.16 லட்சம். மாத வட்டியில் ரூ.28,000 மிச்சம். அந்த ஆண்டில் மாறிய டெய்லர்கள் 6 பேர். தவறிய சனிக்கிழமை ஒன்று.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. ஏற்றுமதிக் கம்பெனி 2024 மார்ச்சில் 45 நாளில் கொடுத்தது, ஏப்ரலுக்குப் பிறகு மெல்ல நழுவி 62 நாள் வரை போனது. 43பி(எச்) கடிப்பது மார்ச் 31 அன்று நிற்கும் பாக்கியை மட்டும். ஜூன் பில்லை டிசம்பரில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் கொடுத்ததால் வரிச் சலுகை போகாது. ஆகவே சட்டம் ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் பணத்தை அவிழ்க்கிறது, மற்ற பதினோரு மாதத்தை யூனிட்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வைத்த விதி: 60 நாளைத் தாண்டிய பில் இருக்கும்போது புதிய கட்டிங் இறக்குவதில்லை. இருமுறை வண்டியை வாசலிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு முறையும் மறுநாள் பணம் வந்தது.

ஏற்றுமதிக் கம்பெனிக்கும் தன் தரப்பு உண்டு. வெளிநாட்டு பையர் சரக்கு ஏறிய பிறகு மாதக்கணக்கில் கடன் கேட்கிறார். அந்தக் காத்திருப்பைப் பெரிய கம்பெனி வங்கியில் குறைந்த வட்டிக்குத் தாங்க முடியும். 24 சதவீதத்துக்கு வாங்கும் ஜாப் ஒர்க் யூனிட்டிடம் தள்ளினால் மொத்தச் சங்கிலிக்கும் அது அதிக விலை. கடிதத்தோடு இந்தக் கணக்கையும் காட்டியபோதுதான் அங்கே பேச்சு நகர்ந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

புதிய பார்ட்டியைப் பிடித்த பிறகே பிராண்டுக்குக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். ஏழு வார வெறும் மெஷின் தவிர்க்கக்கூடியது. பிராண்டின் பங்கை ஒரு சீசனில் 35இலிருந்து 20க்கு இறக்கியிருந்தால் அதிர்ச்சி பாதியாகியிருக்கும்.

பிப்ரவரியில் ஷிப்ட் குறைந்தபோது தொழிலாளர்களிடம் காரணம் சொல்லப்படவில்லை. பார்ட்டி விஷயத்தை ஆட்களிடம் பேசுவதில்லை என்பது ஊர் வழக்கம். போன ஐந்து பேரில் மூவர், மூடப்போவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்போம் என்று பின்னால் சொன்னார்கள். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, கையில் எத்தனை வாரத்துக்குக் கட்டிங் இருக்கிறது என்று சம்பளத்தின்போதே சொல்லப்படுகிறது.

சூப்பர்வைசரை அளந்தது நாள் பீஸ் எண்ணிக்கையால் மட்டும். அப்படி அளந்தால் எந்த சூப்பர்வைசரும் கற்பவரை லைனில் இழுக்கத்தான் செய்வார். கற்று முடித்து மூன்று மாதம் தங்கும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஒரு தொகை என்று 2024 அக்டோபரில் மாற்றினார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

தீராமல் இருப்பது ஒன்று. ஏற்றுமதிக் கம்பெனியின் பங்கு 2025 மார்ச்சில் 52 சதவீதம், முன்பைவிட அதிகம். அந்த ஒரு கம்பெனி பிராண்டைப் போல நிறுத்தினால் ரூ.3 லட்சக் கையிருப்பு இரண்டு வாரம்தான் தாங்கும். நான்காவது பார்ட்டியைச் சேர்த்து அந்தப் பங்கை 40க்குக் கீழே கொண்டுவருவதும், சம்பளக் கையிருப்பை நான்கு வாரமாக்குவதும் 2025-26க்கு வைத்த இலக்குகள்.